கம்பெனி ஃபிட்டிங் கலையாமல் காரில் நல்ல பாட்டு

வண்டி அப்பாவுடையது, அதில் பாட்டுக் கேட்கிற பைத்தியம் என்னுடையது. ஸ்பீக்கர் மாற்றப் போகிறேன் என்றதும் அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "என்ன வேணும்னாலும் பண்ணிக்கோ. ஆனா கதவைத் திறந்து பார்த்தா வாங்கின அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கணும்." டிக்கியில் பெட்டி உட்காரக் கூடாது, எங்கேயும் நீல விளக்கு எரியக் கூடாது, டேஷ்போர்டில் இருக்கிற செட்டின் மேல் கையே வைக்கக் கூடாது. கையைக் காலைக் கட்டிவிட்டு நீந்தச் சொல்கிறாரே என்று அன்றைக்கு எனக்கு எரிச்சலாக இருந்தது.

அதன் பிறகு என் வண்டி, தங்கச்சி வண்டி, மச்சான் வண்டி என்று மொத்தம் நான்கில் கைவைத்தாகிவிட்டது. யாரும் கேட்காவிட்டாலும் அப்பாவின் நிபந்தனையைத்தான் எல்லாவற்றிலும் வைத்துக்கொண்டேன். காரில் பாட்டு கெடுகிற இடம் கண்ணுக்குத் தெரிகிற கிரில் இல்லை. அதற்குப் பின்னால் இருக்கிற தகரத்திலும் ஓட்டையிலும்தான் கெடுகிறது. சரிசெய்ய வேண்டியதெல்லாம் உள்ளே இருக்கும்போது வெளியே எதற்காகக் கலைக்க வேண்டும்?

இன்னொரு விதியும் எனக்கு உண்டு. வண்டியின் ஒரிஜினல் வயரை வெட்டக் கூடாது, தகரத்தில் புது ஓட்டை போடக் கூடாது. நாளைக்கே பழையபடி மாற்ற வேண்டுமென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றிவிட முடிய வேண்டும்.

செட்டு அப்படியே இருக்கட்டும்

ஒரு காலத்தில் டேஷ்போர்டில் 180க்கு 50 மில்லிமீட்டர் அளவில் ஒரு செவ்வக ஓட்டை இருக்கும். எந்தக் கம்பெனி செட்டாக இருந்தாலும் அதில் உட்கார்ந்துவிடும். இன்றைக்கு வருகிற திரைகள் அப்படியில்லை. ரிவர்ஸ் கேமரா, ஸ்டீயரிங் பட்டன், பார்க்கிங் சென்சாரின் பீப், சில வண்டிகளில் ஏசி செட்டிங் வரை அந்தத் திரையோடுதான் பின்னிக் கிடக்கின்றன. அதைக் கழற்றினால் ஒன்று போய் ஒன்பது வரும். அதனால் செட்டைத் தொடாமல் அதிலிருந்து வருகிற சத்தத்தை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் என் வழி.

செட்டுக்குப் பலம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். பெட்டியில் '50 வாட்ஸ் × 4' என்று போட்டிருக்கும். அது எங்கிருந்து வருகிறது தெரியுமா? இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.4 வோல்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி, ஸ்பீக்கரின் மின்தடையான 4 ஓமால் வகுத்தால் 51.8 வரும். அந்த 50 இதுதான். ஆனால் இந்தக் கணக்கு, அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சதுரமாகிப் போன சத்தத்துக்கு. அலை வெட்டுப்படாமல் சுத்தமாக வரவேண்டுமென்றால் அதில் சரிபாதி, 26 வாட்ஸ்தான் உச்சம். நடைமுறையில் 20 பக்கம் நின்றுவிடும். வால்யூமைக் கூட்டக் கூட்டப் பாட்டுக் கிழிவது இதனால்தான்.

முதலில் உட்கார்ந்து கேளுங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, உங்களுக்கு மனப்பாடமான மூன்று பாட்டுகளைப் போடுங்கள். ஒன்றில் பெண் குரல் தனியாக வரவேண்டும், ஒன்றில் மிருதங்கமோ தவிலோ வேண்டும், ஒன்றில் பேஸ் கிட்டார் நடக்க வேண்டும். பாதி வால்யூமில் கதவுப் பேனலில் உள்ளங்கையை வையுங்கள். தவிலடிக்குக் கை அதிர்கிறதென்றால், ஸ்பீக்கர் தள்ளுகிற சக்தியில் ஒரு பங்கு காற்றுக்குப் போகாமல் பிளாஸ்டிக்கை ஆட்டிக்கொண்டிருக்கிறது. குரல் காலடியிலிருந்து வருவதுபோல் இருந்தால் ட்ரெபிளுக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் இல்லை, அல்லது இருந்தும் சரியில்லை. வலமும் இடமும் கேட்கிறது, நடுவில் மட்டும் ஒன்றுமே இல்லையென்றால் எங்கோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடக்கலாம்.

கேட்டதையெல்லாம் எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிட அதுதான் உதவும். செலவு செய்த பொருள் நன்றாகத்தான் கேட்கும் என்று காது நம்மை ஏமாற்றப் பார்க்கும்.

கதவுதான் ஸ்பீக்கர் பெட்டி

இங்கேதான் நான் முதல் வண்டியில் கோட்டை விட்டேன். ஆசையாக நல்ல ஸ்பீக்கர் வாங்கி, வெறும் கதவில் மாட்டினேன். ட்ரெபிள் பளிச்சென்று வந்தது. பேஸ் முன்பைவிடக் குறைந்துவிட்டது. ஸ்பீக்கரே மட்டமோ என்று ஒரு மாதம் சந்தேகப்பட்டேன். பிறகு பேனலைத் திரும்பக் கழற்றிப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. உள்பக்கத் தகரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மூன்று ஓட்டைகள், அவற்றின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்.

ஸ்பீக்கர் கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். பின்பக்கக் காற்று அந்த ஓட்டைகள் வழியாகச் சுற்றி முன்னால் வந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். அலைநீளம் பெரிதாக இருப்பதால் இதில் முதலில் காணாமல் போவது பேஸ்தான். வீட்டு ஸ்பீக்கருக்கு மூடின மரப்பெட்டி இருக்கிறதே, காரில் அந்தப் பெட்டியின் வேலையைக் கதவுதான் செய்ய வேண்டும். ஓட்டைப் பெட்டியில் எந்த ஸ்பீக்கரை மாட்டி என்ன பயன்?

முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள். சில வண்டிகளில் கதவுக்குள்ளேயே ஏர்பேக் சென்சார் இருக்கும். அதன் கப்ளரைப் பிடுங்கிவிட்டுச் சாவியைப் போட்டால் டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்து, பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அணைக்க வேண்டிவரும்.

டோர் பேடைக் கழற்ற பிளாஸ்டிக் நெம்பி வேண்டும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் விளிம்பில் பல் பதிந்துவிடும், கம்பெனி லுக் அங்கேயே போய்விடும். ஸ்க்ரூக்கள் கைப்பிடிக் குழியில் ரப்பர் பாய்க்கு அடியிலும், உள் ஹேண்டிலுக்குப் பின்னால் சின்ன மூடிக்குள்ளும் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின் கீழ் ஓரத்தில் தொடங்கிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். பெரும்பாலான பேனல்கள் கடைசியில் மேல்நோக்கித் தூக்கினால் வரும். கிளிப் இரண்டு மூன்று உடையத்தான் செய்யும், அதே அளவு கிளிப் பத்து முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த கிளிப்போடு பேனலை மூடினால் அந்த இடம் காலம் முழுக்கக் கிடுகிடுக்கும்.

இப்போது வெளிப்பக்கத் தகரத்தை, அதாவது வண்டியின் பெயின்ட் அடித்த தோலின் உட்புறத்தை, விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்ங்' என்று தகர டப்பா மாதிரி ஒலிக்கும். ஓட்டைகள் வழியாகக் கையை விட்டு அங்கே டேம்பிங் ஷீட் ஒட்ட வேண்டும். 2 மில்லிமீட்டர் பியூட்டைல் ரப்பரும் மேலே அலுமினியத் தாளும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தார் ஷீட் வேண்டாம். வெயிலில் வண்டி நின்றால் இளகி வழிந்து நாறும். ஒட்டும் இடத்தை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டியபின் சின்ன ரோலரால் அலுமினியத்தின் மேல் இருக்கும் புடைப்புக் கட்டங்கள் மழுங்கும் வரை அழுத்தி உருட்டுங்கள். கையுறை போடாமல் இறங்காதீர்கள். அந்தத் தாளின் விளிம்பு பிளேடு மாதிரி. என் இடது கை ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

தகரம் முழுவதையும் மூட வேண்டியதில்லை. கால்வாசியிலிருந்து பாதி வரை ஒட்டினாலே தட்டும்போது 'டொக்' என்று அடங்கிப்போகும். அதற்கு மேல் ஒட்டுவதால் கதவின் எடைதான் கூடும். ஆனால் உள்பக்கத் தகரத்தின் ஓட்டைகளை முழுதாக மூடியே ஆகவேண்டும். சின்ன ஓட்டைகளுக்கு ஷீட்டே போதும். பெரிய ஓட்டைக்கு மெல்லிய அலுமினியத் தகடோ கெட்டியான பிளாஸ்டிக் தகடோ வெட்டி, சுற்றிலும் பியூட்டைல் கயிறு வைத்து அழுத்திவிடுங்கள். பவர் விண்டோ மோட்டார் ஒருநாள் கெடும். அன்றைக்கு அந்தத் தகட்டை மட்டும் பெயர்த்து எடுத்தால் போதும்.

கதவின் அடி ஓரத்தில் இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். அவை மழைத்தண்ணீர் வெளியேற. ஜன்னல் ரப்பரைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் உள்ளே இறங்கும். தங்கச்சி வண்டியில் நான் உற்சாகத்தில் ஒரு துளையை ஷீட்டால் அடைத்துவிட்டேன். இரண்டு நாள் மழைக்குப் பின் போன் வந்தது. "அண்ணா, கதவை மூடினா உள்ள தண்ணி ஆடுற சத்தம் கேக்குது." போய் அந்த ஷீட்டைக் கிழித்ததும் ஒரு சொம்புத் தண்ணீர் கொட்டியது. துருப் பிடிப்பதற்குள் தெரிந்தது நல்லதாகப் போயிற்று.

மூடுவதற்கு முன் பேட்டரியையும் ஸ்விட்ச் கப்ளரையும், ஏர்பேக் கப்ளர் எதையாவது எடுத்திருந்தால் அதையும் மாட்டி, கண்ணாடியை முழுதாக ஏற்றி இறக்கிப் பாருங்கள். பூட்டையும் போட்டு எடுத்துப் பாருங்கள். லாக் கம்பி ஷீட்டில் ஒட்டிக்கொண்டால் கதவு திறக்காது. உள்ளே ஆடுகிற வயர்களுக்குத் துணி டேப் சுற்றுங்கள். இதெல்லாம் ஒரு கதவுக்கு அரைநாள் வேலை. ஸ்பீக்கர் மாற்றாமல் இதை மட்டும் செய்தாலே வித்தியாசம் தெரியும். அப்பா முதலில் கவனித்ததும் பாட்டை இல்லை. கதவைச் சாத்திவிட்டு நின்று, திரும்பத் திறந்து இன்னொரு முறை சாத்தினார். "என்னடா, பெரிய வண்டி மாதிரி மூடுது?" என்றார்.

ஸ்பீக்கர் தேர்வு

அளவு ஆறரை இஞ்ச் என்று தெரிந்தால் மட்டும் போதாது, ஆழமும் பார்க்க வேண்டும். கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, ஸ்பீக்கர் உட்காரும் விளிம்பிலிருந்து கண்ணாடி வரை எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் மேக்னெட் அதைவிட நீளமாக இருந்தால் முதல் தடவை ஜன்னலை இறக்கும்போதே கண்ணாடி முட்டும்.

கம்பெனி ஸ்பீக்கர் பெரும்பாலும் பிளாஸ்டிக் வளையத்தோடு ஒரே வார்ப்பாக வரும். புது ஸ்பீக்கருக்கு அந்த உயரத்தில் அடாப்டர் வளையம் வேண்டும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் அல்லது எச்.டி.பி.இ. வளையமாக வாங்குங்கள். எம்.டி.எஃப். மரவளையம் ஈரம் குடித்துப் பிஸ்கட் மாதிரி உப்பிவிடும். வளையத்துக்கும் தகரத்துக்கும் நடுவே நுரை பீடிங் ஒட்டுங்கள். ஸ்பீக்கரின் முன் விளிம்பிலும் ஒரு நுரை வளையம் வேண்டும், பேனலை மூடும்போது அது கிரில்லின் பின்பக்கத்தைத் தொட்டு அமுங்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பீக்கர் பாடுவதில் ஒரு பகுதி டோர் பேடுக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள சந்தில்தான் போய்ச் சேரும். கிரில்லை மாற்றவே வேண்டாம், கம்பெனி கிரில் பின்னால் எதை வைத்தாலும் மறைத்துவிடும்.

வாங்கும்போது வாட்ஸைவிட சென்சிடிவிட்டியை, அதாவது ஒரே பவருக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பதைப் பாருங்கள். 88 டெசிபல் ஸ்பீக்கர், 91 டெசிபல் ஸ்பீக்கர் அளவுக்குச் சத்தம் தர இரண்டு மடங்கு பவர் கேட்கும். கம்பெனி ஸ்பீக்கர்கள் மெல்லிய காகிதக் கூம்போடு, சின்ன செட்டுக்கே சத்தமாகப் பாடும்படி செய்யப்பட்டவை. கனமான புது ஸ்பீக்கரை ஆம்ப் (செட்டின் சிக்னலைப் பெருக்கித் தரும் தனிப் பெட்டி) இல்லாமல் மாட்டினால் 'காசைக் கொட்டியும் சத்தம் குறைஞ்சிருச்சே' என்று தோன்றும். ஆம்ப் வேண்டாம் என்பவர்கள் சென்சிடிவிட்டி அதிகமுள்ளதாக எடுங்கள்.

ஓமையும் மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய ஸ்பீக்கரில் 3.5 பக்கம் காட்டினால் அது 4 ஓம் ஸ்பீக்கர். 2க்குக் கீழே காட்டினால் 2 ஓம். 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் மாட்டினால் அதே ஆம்பிலிருந்து கிடைக்கிற பவர் பாதியாகிவிடும்.

கப்ளருக்குக் கப்ளர்

வண்டியின் வயரிங் கப்ளரில் நேராகச் செருகுகிற அடாப்டர் கிடைக்கும். அதன் மறுமுனையில் புது ஸ்பீக்கர். வெட்டு ஒட்டு இல்லை. எங்காவது இணைக்க வேண்டிவந்தால் சாலிடரைவிட நல்ல கிரிம்ப் (உலோகக் குழலில் வயரை வைத்து நசுக்கி இணைப்பது) மேல். சாலிடர் வைத்த இடத்தில் வயர் விறைத்து, கதவு நாள் முழுக்க அதிர்வதில் அதன் ஓரத்தில் முறியும்.

பிளஸ், மைனஸில் சந்தேகம் வந்தால் ஒரு 1.5 வோல்ட் பென்சில் செல் போதும். பேஸ் பாடுகிற பெரிய ஸ்பீக்கரான வூஃபரைத் தனியாக வைத்து, செல்லின் பிளஸ்ஸை ஸ்பீக்கர் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொடுங்கள். கூம்பு வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் தலைகீழ். ட்வீட்டரில் மட்டும் இந்த வேலை வேண்டாம், அதன் மெல்லிய சுருள் தாங்காது.

ட்வீட்டருக்கு இடம் பெரும்பாலும் கண்ணாடிப் பக்க முக்கோணத்திலோ, முன் கண்ணாடியின் ஓரத் தூணான ஏ பில்லரிலோ கம்பெனியே விட்டிருக்கும். வெறும் கிரில் மட்டும் இருக்கிற வண்டிகளும் உண்டு. பின்னால் இடம் காலியாகக் கிடக்கும். அங்கேயே மாட்டுங்கள். பில்லரைக் கழற்றினால் உள்ளே கர்ட்டன் ஏர்பேக் இருக்கிறதா என்று பாருங்கள். மஞ்சள் கப்ளர், மஞ்சள் குழாய் போட்ட வயர் எது தெரிந்தாலும் அது ஏர்பேக்குடையது, தொடாதீர்கள். ட்வீட்டர் வயர் அந்தப் பைக்குப் பின்னால் போகவேண்டும். முன்னால் போனால் பை விரிகிற பாதையில் தடையாக நிற்கும். பில்லரின் கிளிப்பும் சும்மா கிளிப் இல்லை. பை வெடிக்கும்போது பில்லர் பறக்காமல் பிடித்துவைக்கிற வாலுள்ள கிளிப். உடைந்தால் அதே கிளிப்பைத்தான் வாங்கிப் போடவேண்டும்.

ஆம்ப்: சீட்டுக்கு அடியில்

கிளாஸ் டி என்கிற சின்ன ஆம்புகள் வந்தபின் மறைக்கும் வேலை சுலபமாகிவிட்டது. புத்தகம் அளவு ஆம்பிலேயே நான்கு சேனல், உள்ளேயே டி.எஸ்.பி. (ஒலியை டிஜிட்டலில் திருத்தும் சிப்) எல்லாம் வந்துவிடும். முன் சீட்டுக்கு அடியில் வைத்தால் யார் கண்ணிலும் படாது. சீட்டை முழுக்க முன்னும் பின்னும் தள்ளி, உயரத்தைக் குறைத்து, எதுவும் முட்டவில்லையே என்று பார்த்துவிட்டு வையுங்கள். பின் சீட்டுக்குப் போகும் ஏசி குழாயை அடைக்காதீர்கள். சீட்டுக்கு அடியிலும் மஞ்சள் கப்ளர் இருக்கும், ஜாக்கிரதை.

பவர் கணக்கு இப்படி. 50 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) நான்கு சேனல் என்றால் 200 வாட்ஸ். ஆம்ப் 80 சதவீதம் திறனோடு ஓடினால் பேட்டரியிலிருந்து 250 வாட்ஸ் இழுக்கும். 14 வோல்ட்டால் வகுத்தால் 18 ஆம்பியர். இதற்கு 8 கேஜ் செம்பு வயரும் 30 ஆம்பியர் ஃபியூஸும் தாராளம். செம்பு பூசிய அலுமினிய வயரைச் செம்பு என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். அதுதான் கிடைக்கிறதென்றால் ஒரு அளவு தடியாகப் போடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஃபியூஸ் ஆம்பைக் காப்பாற்றுவதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். அது வயருக்காக. எங்காவது தோல் உரிந்து தகரத்தில் பட்டால், ஃபியூஸ் இல்லாத வயர் அடுப்புக் கம்பி மாதிரி பழுக்கும். பானெட்டிலிருந்து உள்ளே வர ஏற்கெனவே உள்ள ரப்பர் குரோமெட்டைப் பயன்படுத்துங்கள். பல வண்டிகளில் பயன்படுத்தாத ஒன்று மூடியபடி இருக்கும்.

எர்த்தில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். மச்சான் வண்டியில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ங்ஙீஈஈ' என்று ஒரு சத்தம் கூடவே ஏறியது. "மாப்ள, பாட்டு கேக்குறேனா, விமானத்துல போறேனா?" என்று கேட்டே என்னை ஒருவழியாக்கிவிட்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க வயரை எல்லாம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால், நான் எர்த் கொடுத்த போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் அப்படியே இருந்தது. எமரி தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தகரம் பளபளக்கும் வரை தேய்த்து, பல் வாஷர் வைத்து முறுக்கியதும் சத்தம் போயே போய்விட்டது. எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும், தேய்த்த இடத்தில் துரு வராமல் மேலே கிரீஸ் தடவுங்கள். சீட் பெல்ட் போல்ட்டை மட்டும் இதற்குக் கழற்றாதீர்கள், அது உயிர் காக்கிற போல்ட். பவர் வயர் ஒரு பக்கம் போனால் சிக்னல் வயர் மறுபக்கம் போகட்டும்.

சிக்னலைச் செட்டின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே எடுத்துவிடலாம். ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் வயரையே நேராக வாங்கிக்கொள்ளும் வசதி) உள்ள ஆம்பாகப் பார்த்து, செட்டின் பின்னால் டி வடிவ ஹார்னெஸ் ஒன்றைச் செருகினால் சிக்னல் ஆம்புக்குப் போய், பெருகி, அதே வண்டி வயர் வழியாகவே கதவுகளுக்குத் திரும்பும். செட்டின் ஸ்பீக்கர் வயர்களில் பிளஸ், மைனஸ் இரண்டிலுமே பேட்டரி வோல்டேஜில் பாதி, ஆறு ஏழு வோல்ட், எப்போதும் நிற்கும். அதனால் மைனஸை ஒருபோதும் எர்த்தில் தொடாதீர்கள், செட்டின் ஐ.சி. போய்விடும். அந்த வோல்டேஜையே பார்த்து ஆம்ப் தானாக விழித்துக்கொள்ளும் வசதியும் பல ஆம்புகளில் உண்டு. ரிமோட் வயர் தனியாக இழுக்கத் தேவையில்லை.

மோஸ்ட், ஏ2பி என்று டிஜிட்டலில் சிக்னல் அனுப்புகிற வண்டிகளில் இந்த வழி நேரடியாக நடக்காது. அங்கே அந்த வண்டிக்கென்றே உள்ள மாற்றி வேண்டும், அல்லது கம்பெனி ஆம்புக்குப் பிறகு உள்ள ஸ்பீக்கர் வயரிலிருந்து எடுக்க வேண்டும்.

ஆழமான பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபர் வேண்டுமா? கதவை ஒழுங்காக மூடியிருந்தால் பலருக்கு வேண்டியிருக்காது. வேண்டுமென்றால் இன்னொரு சீட்டுக்கு அடியில் போகும் 8 இஞ்ச் தட்டை சப்பே போதும். இருக்கை நடுங்குகிற அளவு வராது, தவிலின் தொப்பிப் பக்கம் நிறைவாக வரும். ஸ்டெப்னி இடத்தில் சப் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பஞ்சர் ஆகிற இரவில் அது உதவாது. ஒரு எச்சரிக்கை: சில வண்டிகளில் சாலைச் சத்தத்தைக் குறைக்க கூரையில் சின்ன மைக்குகள் இருக்கும். அவை சப்பின் பேஸையும் சத்தம் என்று நினைத்து எதிர்த்துப் போராடி, உள்ளே 'ஊம்ம்' என்று உறுமும். அப்படி வந்தால் அந்த வசதியை நிறுத்த வேண்டியிருக்கும்.

சுருதி சேர்ப்பது

எல்லாம் மாட்டியதும் கெயினைத் திருகி உச்சத்தில் வைக்கிற ஆசை வரும். கெயின் என்பது வால்யூம் இல்லை, செட்டின் அளவுக்கு ஆம்பைப் பொருத்துகிற திருகு. ஸ்பீக்கர் வயர்களை ஆம்பிலிருந்து கழற்றுங்கள். செட்டில் பேஸ், ட்ரெபிள் எல்லாம் பூஜ்யம், வால்யூம் முக்கால். ஃபோனிலிருந்து 0 டெசிபல் (பதிவின் உச்ச அளவு) சைன் டோன், அதாவது ஒரே சுருதியில் நிற்கும் ஒலி, ஒன்றை ஓடவிட்டு, ஆம்பின் வெளியீட்டில் மீட்டரை ஏசி வோல்டேஜில் வையுங்கள். 50 வாட்ஸை 4 ஓமால் பெருக்கினால் 200. அதன் வர்க்கமூலம் 14.1. மீட்டர் 14 வோல்ட் காட்டும்போது நிறுத்துங்கள். டோன் 300 ஹெர்ட்ஸாக இருக்கட்டும். சாதாரண மீட்டர்கள் பல 400க்கு மேல் சரியாகக் காட்டுவதில்லை. மிகக் கீழே போனால், சின்ன ஸ்பீக்கரைக் காப்பாற்ற வால்யூம் ஏறும்போது பேஸைத் தானாகக் குறைக்கும் செட்டுகள் கணக்கைக் கெடுத்துவிடும்.

அப்பா வண்டியில் இதைக் கண் மதிப்பாகச் செய்தேன். மறுநாள் காலை அவர் ரிவர்ஸ் எடுத்தபோது பார்க்கிங் பீப் ரயில் ஊதல் மாதிரி அலறி, ஆள் பிரேக்கில் ஏறி நின்றுவிட்டார். அந்த பீப்பும் அதே ஸ்பீக்கர் வழியாகத்தான் வருகிறது. செட்டின் மெனுவில் அதன் அளவைத் தனியாகக் குறைக்க முடிந்ததால் பிழைத்தேன்.

கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸில் ஹை பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை மட்டும் விடும்), சப்புக்கு அதே 80இல் லோ பாஸ் (கீழுள்ளதை மட்டும் விடும்). இங்கிருந்து தொடங்கி காதுக்குத் தக்கபடி நகர்த்துங்கள். டி.எஸ்.பி. இருந்தால் அதன் பெரிய வரம் தாமதம்தான். ஓட்டுபவர் காதிலிருந்து பக்கத்துக் கதவு ஸ்பீக்கர் 75 சென்டிமீட்டர், எதிர்க் கதவு 140 என்று டேப்பில் அளந்தீர்கள் என்று வையுங்கள். வித்தியாசம் 65 சென்டிமீட்டர். ஒலி ஒரு மில்லி செகண்டில் 34 சென்டிமீட்டர் போகும். ஆகவே பக்கத்து ஸ்பீக்கரை 1.9 மில்லி செகண்ட் தாமதப்படுத்தினால் இரண்டும் ஒரே நேரத்தில் காதுக்கு வரும். பாடுகிறவர் பக்கத்துக் கதவிலிருந்து எழுந்து டேஷ்போர்டின் நடுவில் போய் நிற்பார். முதல் தடவை கேட்டபோது நான் வண்டியை விட்டு இறங்கவே இல்லை, தாமதத்தைப் போட்டும் எடுத்தும் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்காருபவருக்கு மட்டும் இதில் நஷ்டம், அவருக்குப் பாடகர் இன்னும் ஒதுங்கிப் போயிருப்பார். அதனால் 'நான் மட்டும்', 'எல்லாரும்' என்று இரண்டு செட்டிங் சேமித்து வைத்திருக்கிறேன். ஈக்வலைசரில் குறைவதைக் கூட்டுவதைவிடத் துருத்துவதைக் குறையுங்கள். கூட்டினால் கெயின் கணக்கு மறுபடி தப்பும்.

கடைசி வேலை கிடுகிடுப்பு வேட்டை. 30இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறுகிற டோனை ஓடவிட்டு, ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஒவ்வொரு பேனலாகக் கையால் அழுத்தச் சொல்லுங்கள். எங்கே அழுத்தினால் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. அங்கே துணி டேப்போ நுரைத் துண்டோ வைத்தால் அடங்கும். என் வண்டியில் இரண்டு மணி நேரம் தேடிய கிடுகிடுப்பு, கதவுப் பையில் கிடந்த ஒரு மூக்குக் கண்ணாடிப் பெட்டி.

கழற்றிய பழைய ஸ்பீக்கர்கள், வளையங்கள், மிச்சக் கிளிப்புகள் எல்லாவற்றையும் ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் 'இடது முன் கதவு', 'வலது பின் கதவு' என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒட்டி வையுங்கள். அப்பா வண்டியின் பெட்டி பரணில் இருக்கிறது. அதில் மேலே அவரே தன் கையெழுத்தில் 'தொடாதே' என்று எழுதிவைத்திருக்கிறார்.